உப்புசம், கேஸ், மலச்சிக்கல்: நம்ம அடுப்படியை வச்சே எந்த வரிசையில சரி பண்ணலாம்

வயிறு சரியில்லன்னு வாயைத் திறந்தா போதும், பக்கத்துல இருக்க அத்தனை பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க, ஒருத்தர் வெறும் வயித்துல வெந்தயம்பார், இன்னொருத்தர் ராத்திரி திரிபலா பொடிம்பார், மூணாவது ஆளு ஏதோ புரோபயாட்டிக் பாக்கெட்டோட லிங்க் அனுப்பி வைப்பார். இதுல பாதி நல்ல விஷயம்தான். ஆனா நாம என்ன பண்றோம்னா எல்லாத்தையும் திங்கக்கிழமை காலைல ஒண்ணா ஆரம்பிச்சுடறோம், திடீர்னு மூணு வேளையும் சிறுதானியம், கூடவே பச்சைக் காய்கறி சாலட், ரெண்டு வகை பொடி வேற, வியாழக்கிழமை வரும்போது வயிறு கும்முனு உப்பி நிக்குது, இதெல்லாம் நம்ம உடம்புக்கு ஒத்துக்காதுப்பான்னு பழையபடி பரோட்டாவுக்கே போயிடறோம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், எதைச் சாப்பிடறீங்கங்கறது அளவுக்கு எந்த வரிசையில, எவ்ளோ மெதுவா மாத்தறீங்கங்கறதும் முக்கியம். வாங்க வேண்டிய பொருள்னு பெருசா எதுவும் இல்ல, எல்லாம் வீட்லயும் தெருமுனை காய்கறிக் கடையிலயும் இருக்கறதுதான்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா இந்த "மெதுவா" ஏன்னு புரிஞ்சுடும். நம்ம சிறுகுடல் சுமார் 6 மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் சிறுகுடல்லயே செரிச்சு ரத்தத்துல சேந்துடும், நம்ம உடம்பால உடைக்க முடியாத நார்ச்சத்து மட்டும் முழுசா பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கதான் பாக்டீரியா கூட்டம் இருக்கு, 2016ல வந்த ஒரு கணக்குப்படி ஒரு சராசரி ஆளோட உடம்புல சுமார் 38 லட்சம் கோடி, அதுல பெரும்பகுதி பெருங்குடல்லதான். அதுங்க அந்த நாரைத் தின்னு புளிக்க வச்சு பியூட்டிரேட் மாதிரி சில அமிலங்களை வெளிய விடும், பெருங்குடலோட உள்சுவர்ல இருக்க செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான். நார் கிடைக்கலன்னா சில பாக்டீரியா குடல் சுவரைக் காப்பாத்தற சளிப் படலத்தையே திங்க ஆரம்பிக்குதுன்னு எலிகளை வச்சுப் பண்ண ஆய்வுல பாத்திருக்காங்க. அப்போ நாரை அள்ளிப் போட்டா நல்லதுதானேன்னு தோணும், ஆனா இத்தனை வருஷமா வெள்ளைச் சோறும் மைதாவுமா சாப்பிட்ட குடல்ல நாரைத் திங்கற வகை பாக்டீரியா கம்மியா இருக்கும், அதுங்க பெருகறதுக்கு நாள் ஆகும். காஞ்சு போன தொட்டிச் செடிக்கு ஒரே நேரத்துல ஒரு குடம் தண்ணி ஊத்தினா மண்ணு உறிஞ்சாம அப்படியே கீழ ஓடிடும்ல, அந்த மாதிரிதான் இதுவும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: இதெல்லாம் இருந்தா முதல்ல டாக்டர்

இதை நான் கடைசில சொல்ல விரும்பல, ஏன்னா நிறைய பேரு மூலம்னு நினைச்சு வருஷக்கணக்கா கை வைத்தியம் பாத்துட்டு ரொம்ப லேட்டா ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. மலத்துல ரத்தம், தார் மாதிரி கருப்பா போறது (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பா போகும், அது வேற), காரணமே இல்லாம எடை குறையறது, முழுங்கறதுக்கு கஷ்டம், ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி விடற வயித்துப்போக்கு, ரத்த சோகை, விடாத வாந்தி, 45 வயசுக்கு மேல திடீர்னு மோஷன் பழக்கம் மாறறது, குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் மோரும் கீரையும் அப்புறம், முதல்ல டாக்டரைப் பாருங்க.

அதே மாதிரி மேல் வயித்துல எரிச்சலும் வலியும் மாசக்கணக்கா இருந்தா, காரம் சாப்பிட்டதால வந்த அல்சர்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. அல்சருக்கு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு பாக்டீரியா, இன்னொண்ணு அடிக்கடி போடற வலி மாத்திரை. பேரி மார்ஷல்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் இதை யாரும் நம்பலன்னு 1984ல அந்த பாக்டீரியாவை தானே குடிச்சுக் காட்டினார், 2005ல அவருக்கும் அவரோட சேந்து வேலை பாத்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. இதுக்கு டெஸ்ட் இருக்கு, டாக்டர் எழுதிக் குடுக்கற மருந்து கோர்ஸ் இருக்கு, சரியாகிடும். மணத்தக்காளிக் கீரை நல்லதுதான், ஆனா இந்த பாக்டீரியாவை விரட்ட அதை மட்டும் நம்பி உக்காந்திருக்க வேணாம்.

முதல் வாரம்: எதையும் மாத்தாதீங்க, எழுதி மட்டும் வைங்க

ஒரு பழைய டைரியோ போன்ல நோட்ஸோ போதும். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீங்க, எப்போ உப்புசம் வந்துச்சு, மோஷன் எப்படி இருந்துச்சு. மோஷனைப் பத்தி எழுதக் கூச்சப்படாதீங்க, உள்ள என்ன நடக்குதுன்னு தினமும் இலவசமா கிடைக்கற ரிப்போர்ட் அது ஒண்ணுதான். பிரிஸ்டல் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல போட்டது, மலத்தை 7 வகையா பிரிப்பாங்க. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா வந்தா 1, தண்ணியா போனா 7, நடுவுல 3, 4தான் நல்ல நிலை, அதாவது வழவழன்னு நீளமா முக்காம வரணும். தினமும் போகலன்னா நோய்னு கிடையாது, ஒரு நாளைக்கு 3 தடவைல இருந்து வாரத்துக்கு 3 தடவை வரைக்கும் சாதாரணம்னுதான் டாக்டருங்க எடுத்துக்கறாங்க. கஷ்டமில்லாம வருதாங்கறதைப் பாருங்க.

எழுதும்போது தானா சில விஷயம் பிடிபடும். பால் காபி குடிச்ச ஒரு மணி நேரத்துல வயிறு கடமுடங்குதுன்னா பால்ல இருக்க லாக்டோஸ்ங்கற சர்க்கரை ஒத்துக்காம இருக்கலாம், தென்னிந்தியாவுல பெரியவங்க நிறைய பேருக்கு இது உண்டு, அவங்கள்ல பலருக்கு தயிரும் மோரும் ஒண்ணும் பண்றதில்ல ஏன்னா உறையும்போதே லாக்டோஸ்ல ஒரு பகுதி லாக்டிக் அமிலமா மாறிடுது. சில பேருக்கு வெங்காயம், பூண்டு, பருப்புதான் ஆகாது. இது தெரியாம அடுத்த படிக்குப் போனா எது பண்ணுச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது.

ரெண்டாவது வாரம்: சாப்பாட்டை விட்டுடுங்க, நேரத்தை சரி பண்ணுங்க

இதை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, எனக்கு என்னமோ பாதிப் பேருக்கு இந்த ஒரு படியிலயே நல்லா வித்தியாசம் தெரியும்னுதான் தோணுது, காசும் செலவில்ல.

வயிறு காலியா இருக்கும்போது சுமார் ஒன்றரை மணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரைப்பைல இருந்து சிறுகுடல் கடைசி வரைக்கும் ஒரு அலை அடிச்சு மிச்சம் மீதியை பெருங்குடல் பக்கமா தள்ளி விடும். பசிக்கும்போது வயித்துல உருட்டற சத்தம் வருதுல்ல, அதுல இந்த அலையும் சேத்திதான். ஏதாவது சாப்பிட்டா அந்த அலை நின்னுடும். பதினோரு மணிக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும், நாலு மணிக்கு வடை, ஆறு மணிக்கு மிக்சர், நடுவுல புள்ளைங்க மிச்சம் வச்சதுன்னு கொறிச்சுக்கிட்டே இருந்தா பகல் முழுக்க குடலுக்கு சுத்தம் பண்ண நேரமே கிடைக்காது. அதனால ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல மூணரை, நாலு மணி நேரம் விடுங்க, தண்ணி குடிக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கவங்க இதை டாக்டரைக் கேக்காம பண்ண வேணாம்.

ராத்திரி சாப்பாடு அடுத்தது. பத்தரை மணிக்கு முட்டை தோசை சாப்பிட்டு பதினொண்ணுக்கு படுத்தா புளிச்ச ஏப்பம் வராம என்ன செய்யும், படுக்கறதுக்கு ரெண்டரை மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சுடுங்க, வேலை முடிஞ்சு வரவே லேட்டாகும்னா ஏழு மணி வாக்குல ஆபீஸ்லயே பாதி சாப்பாட்டை முடிச்சுட்டு வீட்ல வந்து ஒரு டம்ளர் கஞ்சியோட நிறுத்திக்கலாம். சாப்பிட்டதும் பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா தெருவுல ஒரு நடை. எதுக்களிப்பு உள்ளவங்க இடது பக்கமா திரும்பிப் படுத்தா அமிலம் மேல ஏறறது குறையும்.

காலைல டாய்லெட் விஷயம். தூங்கி எழுந்ததும், அப்புறம் எதையாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானா சுருங்கி தள்ளும், அது இயற்கையா வர்ற உந்துதல். அந்த நேரத்துல பஸ்ஸைப் பிடிக்கணும், ஸ்கூல் வேன் வந்துடும்னு அடக்கி அடக்கியே பழகிட்டா கொஞ்ச நாள்ல அந்த உந்துதல் வர்றதே குறைஞ்சு போயிடும், மலமும் உள்ளயே தண்ணி வத்தி கெட்டியாகிடும். இருபது நிமிஷம் முன்னாடி எழுந்திரிங்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பா தண்ணியோ காபியோ குடிங்க, உந்துதல் வந்தாலும் வரலன்னாலும் அதே நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் உக்காருங்க, போன் இல்லாம. போனோட அரை மணி நேரம் உக்காந்து முக்கறது மூலத்துக்கு நாமளே போடற பாதை. வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு அடியில ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கோங்க, முட்டி இடுப்பை விட உசரமா வரணும், குத்த வச்சு உக்காரும்போது மலக்குடலைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சிருக்க தசை தளரும், வழி நேராகும். இந்தியன் டாய்லெட் இருக்க வீட்டுல இந்தக் கவலை இல்ல.

மூணாவது வாரத்துல இருந்து: நார்ச்சத்து, கொஞ்சம் கொஞ்சமா

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு கம்மியா பாத்தாலும் 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு சொல்லுது, காய்கறி பழம் சேத்து 400 கிராம். நாம எங்க நிக்கறோம்னு பாருங்க, காலைல மூணு இட்லி தேங்காய் சட்னி, மதியம் வெள்ளைச் சோறு, குழம்பு, ஒரு ஸ்பூன் பொரியல், ராத்திரி ரெண்டு தோசை. ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணைப்படி தீட்டின வெள்ளை அரிசி 100 கிராம்ல நார் சுமார் 3 கிராம்கூட வராது, கேழ்வரகு, கம்புல சுமார் 11 கிராம், முழுப் பச்சைப்பயறுல சுமார் 17, கருப்பு கொண்டக்கடலைல சுமார் 25, கொய்யாப்பழத்துல 8க்கு மேல, முருங்கைக்கீரைலயும் கிட்டத்தட்ட அவ்ளோ. அதாவது சாயந்திரம் மிக்சருக்குப் பதிலா ஒரு கொய்யாவும் ஒரு கைப்பிடி கடலை போட்ட சுண்டலும் சாப்பிட்டாலே பதினஞ்சு கிராமுக்கு மேல வந்துடும், மூணு வேளை சாப்பாட்டை அப்படியே வச்சுக்கிட்டாலும்.

ஆனா அந்த சுண்டலை முதல் நாளே ஒரு கிண்ணம் சாப்பிடாதீங்க. வாரத்துக்கு ஒரு மாத்தம், ஒரு வாரத்துக்கு 4, 5 கிராமுக்கு மேல ஏத்த வேணாம். இந்தப் படியோட முதல் வாரம் மதியச் சாப்பாட்டுல பொரியலை மட்டும் ரெண்டு மடங்கு பண்ணுங்க, சோறு ஒரு கரண்டி கம்மி. நான் அவரைக்காய், பீன்ஸ், வாழைத்தண்டு, புடலங்காய் மாதிரி வேக வச்ச காயில இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன், பச்சை சாலட் சோறு தின்னு பழகின வயித்துக்கு எடுத்த எடுப்புல கஷ்டம். அடுத்த வாரம் ஒரு பழம், ஜூஸா இல்ல, கடிச்சுத் திங்கற பழம். அதுக்கு அடுத்த வாரம் ஒரு வேளை கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ, இல்ல தோசை மாவுலயே பாதி அரிசிக்குப் பதிலா கம்பு. பயறு வகையைக் கடைசியா வைங்க, கேஸ் அதிகம் தர்றது அதுதான்.

பயறுல கேஸ் வர்றதுக்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு ரெண்டு சர்க்கரை, நமக்கு அதை உடைக்கற என்சைம் கிடையாது, பெருங்குடல் பாக்டீரியாதான் உடைக்கும், உடைக்கும்போது வாயு வரும். ராத்திரி முழுக்க ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தி குழைய வேக வச்சா இது கணிசமா குறையும், முளைகட்டினாலும் குறையும். ஊற வச்ச தண்ணியில சத்து போயிடும்னு அதுலயே வேக வைக்கறவங்க இருக்காங்க, வயிறு பழகற வரைக்கும் அந்த சத்து போனா போகட்டும்னு விடுங்க. தாளிக்கும்போது பெருங்காயம், சீரகம், இஞ்சி நம்ம ஆளுங்க சும்மா போடல. முதல்ல ரெண்டு ஸ்பூன் கடலை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் மெதுவா கைப்பிடி.

கொஞ்சம் கேஸ் வரத்தான் செய்யும், அது பாக்டீரியா வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம், பயப்பட வேணாம். வலி வந்தா, வயிறு இறுகிப் போனா ஒரு படி கீழ இறங்குங்க, ஒரு வாரம் அங்கயே நின்னுட்டு திரும்ப ஏறுங்க, விட்டுடாதீங்க. தண்ணியும் கூடவே ஏறணும், நாரை மட்டும் ஏத்தி தண்ணி கம்மியா குடிச்சா மலச்சிக்கல் முன்ன விட மோசமாகும். இசப்கோல் (தண்ணியில ஊறி கெட்டியாகற நார்த் தூள்) எடுக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஒரு ஸ்பூனுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணி, கலக்கினதும் கெட்டியாகறதுக்கு முன்னாடி குடிச்சுடணும், மாத்திரை எதுவும் சாப்பிடறதா இருந்தா கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு சாப்பிடுங்க. கிட்னி பிரச்சனை உள்ளவங்க பழம், கீரை, தண்ணி எல்லாத்துக்கும் அளவு டாக்டர்கிட்ட கேட்டுத்தான் வைக்கணும்.

மோரும் பழைய சோறும்

நார் ரெண்டு மூணு வாரம் ஏறின பிறகு புளிச்ச உணவைச் சேருங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 36 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2021ல வெளியிட்டாங்க, பத்து வாரம் நிறைய புளிச்ச உணவு சாப்பிட்டவங்களுக்கு குடல் பாக்டீரியாவோட வகை அதிகமாச்சு, ரத்தத்துல அழற்சியைக் காட்டற 19 புரதங்கள் குறைஞ்சுது. அவங்க குடுத்தது யோகர்ட், கெஃபிர் (புளிச்ச பால்), கிம்ச்சி (புளிச்ச முட்டைக்கோஸ்), கொம்புச்சா (புளிச்ச டீ) மாதிரி. அதைக் கேட்டுட்டு இங்க கொம்புச்சா பாட்டிலுக்கு காசு குடுக்கறாங்க, வீட்லயே தினமும் தயிர் உறை ஊத்தற நமக்கு அது எதுக்குன்னுதான் எனக்கு ஆதங்கமா இருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் தெளிவா இருங்க. இட்லி மாவு புளிக்குது, அதுல நல்ல பாக்டீரியா இருக்கு, எல்லாம் சரி, ஆனா ஆவியில வெந்ததும் அது செத்துடும். இட்லி செரிக்க லேசா இருக்கும், புளிச்சதால தானியம், பருப்புல சத்து சேரறதைத் தடுக்கற பைட்டேட் குறைஞ்சு இரும்பு, துத்தநாகம் நல்லா சேரும், ஆனா உயிரோட பாக்டீரியா வேணும்னா இட்லில கிடைக்காது. மோர்க்குழம்பும் அப்படித்தான், கொதிக்க வச்சா போச்சு. சூடான சோத்துல தயிர் போடறதா இருந்தா சோறு ஆறின பிறகு போடுங்க. கடைல வாங்கற ஊறுகாய் பெரும்பாலும் எண்ணெய், உப்பு, வினிகர், அதை புளிச்ச உணவுக் கணக்குல சேக்காதீங்க.

மோர் எப்படின்னா, முந்தின நாள் உறைஞ்ச தயிர் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, மத்தால நல்லா கடைஞ்சு கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம். உப்பு பேருக்குப் போட்டா போதும். மதியம் ஒரு டம்ளர்ல ஆரம்பிங்க.

பழைய சோறு பத்தி நிறைய பேசறாங்க, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில குடல் நோய்களுக்கு இது எந்த அளவுக்கு உதவும்னு தனியா ஆய்வே எடுத்துப் பண்ணாங்க. இதுல ரெண்டு நல்லது, ஒண்ணு ராத்திரி முழுக்க தண்ணியில வளர்ற லாக்டிக் அமில பாக்டீரியா, ரெண்டாவது சோறு வெந்து ஆறும்போது அதோட மாவுச்சத்துல ஒரு பகுதி செரிக்காத மாவுச்சத்தா மாறிடும், அது நார் மாதிரியே பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்கு தீனியாகும். ஆனா பண்ற முறை சரியா இருக்கணும். மதியம் வடிச்ச சோத்தை ராத்திரி பத்து மணி வரைக்கும் சட்டியில அப்படியே வச்சிருந்து அப்புறம் தண்ணி ஊத்தறது தப்பு, வெப்பத்துல சும்மா இருக்க சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும், அது விடற நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது. அதனால சாயந்திரமோ ராத்திரியோ புதுசா வடிச்ச சோறு, கை பொறுக்கற சூட்டுக்கு ஆறினதும் உடனே கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியை சோறு முங்கி ரெண்டு விரல் மேல நிக்கற மாதிரி ஊத்தி, மண்சட்டி இருந்தா அதுல, இல்லன்னா எவர்சில்வர் பாத்திரம், துணியோ தட்டோ போட்டு மூடி எட்டு மணியில இருந்து பத்து மணி நேரம். சித்திரை வைகாசி வெயில்ல எட்டு மணி நேரமே அதிகம். காலைல லேசான புளிப்பு வாசனை வரணும், நூல் மாதிரி இழுத்தாலோ, கெட்ட வாடை அடிச்சாலோ, மேல நிறம் மாறி ஏடு கட்டியிருந்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க. சின்ன வெங்காயம் கடிச்சுக்கலாம், கொஞ்சம் மோர் விட்டுக் கரைக்கலாம், நீராகாரத்தைக் கொட்டிடாம குடிங்க.

கீமோ எடுக்கறவங்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து சாப்பிடறவங்க பழைய சோத்தைத் தவிர்க்கறதுதான் நல்லது. சர்க்கரை உள்ளவங்களுக்கு பழைய சோறும் சோறுதான், அளவு அளவுதான்.

வகை வகையா

இது ஒரு தனி படியே இல்ல, கூடவே போகட்டும். அமெரிக்கன் கட் ப்ராஜெக்ட்னு (கட்னா இங்கிலீஷ்ல குடல்) ஒரு ஆய்வுல பெரிய அளவுல மக்கள்கிட்ட மல மாதிரி வாங்கிப் பாத்தாங்க, 2018ல வந்துச்சு, வாரத்துக்கு 30 வகைக்கு மேல தாவர உணவு சாப்பிடறவங்களோட குடல்ல 10 வகையோட நிறுத்திக்கறவங்களை விட பாக்டீரியா வகை அதிகமா இருந்துச்சு. முப்பதுன்னா மலைப்பா இருக்கும், நம்ம சமையல்ல ஒரு அவியல்லயே ஆறேழு காய் போயிடுது, ஒரு கதம்ப சாம்பார், ரெண்டு கீரை, நாலு பயறு, ரெண்டு சிறுதானியம், சுண்டைக்காய், வாழைப்பூ, எள்ளு, நிலக்கடலைன்னு எழுதிப் பாத்தா நெருங்கிடுவீங்க. கஷ்டமா இருக்கறது எங்கன்னா வாரம் முழுக்க உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ்லயே ஓட்டற வீடுங்கதான். சந்தைக்குப் போனா போன வாரம் வாங்காத ஒரு காயை வாங்கிட்டு வாங்க, அவ்ளோதான்.

எதை நிறுத்தணும்

சளி, காய்ச்சல்னு மெடிக்கல் ஷாப்புல நாமளே கேட்டு வாங்கற ஆன்டிபயாட்டிக். பெரும்பாலான சளி வைரஸால வர்றது, அதுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது, ஆனா குடல்ல இருக்க நல்ல பாக்டீரியாவை சேத்து அழிச்சுட்டுப் போயிடும். டாக்டர் எழுதிக் குடுத்தா கோர்ஸை அவர் சொன்ன மாதிரி எடுங்க, நீங்களா ஆரம்பிக்கவும் வேணாம், நீங்களா நிறுத்தவும் வேணாம்.

கேஸ் மாத்திரைன்னு காலைல வெறும் வயித்துல பேண்டோபிரசோல், ஓமிபிரசோல் வருஷக்கணக்கா போடறவங்க நம்ம ஊர்ல ஏராளம். அது கேஸுக்கான மாத்திரையே இல்ல, அமிலத்தைக் குறைக்கறது. தேவைப்படறவங்களுக்கு நல்ல மருந்து, ஆனா எதுக்குன்னே தெரியாம தொடர்ந்து போட்டா குடல் கிருமித் தொற்று வர்ற வாய்ப்பு கூடும், பி12 குறையலாம். திடீர்னு நிறுத்தினா அமிலம் திருப்பி அதிகமா சுரக்கும், அதைப் பாத்துட்டு ஐயோ மாத்திரை இல்லாம முடியலன்னு திரும்ப ஆரம்பிப்பாங்க. டாக்டர்கிட்ட இது எனக்கு இன்னும் வேணுமா, எப்படிக் குறைக்கறதுன்னு நேரா கேளுங்க.

நிலவாகை கலந்த பொடியெல்லாம் குடலைத் தூண்டி விட்டு வெளியேத்தறது, எப்பவாவது சரி, தினசரி அதை நம்பி இருக்கற நிலைமைக்குப் போக வேணாம். விளக்கெண்ணெய் குடிச்சு பேதிக்கு எடுத்து குடலைக் கழுவறதும் மாசாமாசம் பண்ண வேண்டிய விஷயம் இல்ல, குடல் தன்னையே சுத்தம் பண்ணிக்கும், பேதில உப்பும் தண்ணியும் போறதுதான் மிச்சம், வயசானவங்களுக்கு ஆபத்தாவே முடியும். புழுவுக்கு பயந்து பேதிக்கு எடுக்கறவங்களுக்கு, 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு அங்கன்வாடிலயும் ஸ்கூல்லயும் அரசாங்கமே குடற்புழு நீக்க நாள்ல அல்பெண்டசோல் மாத்திரை இலவசமா குடுக்குது, அதைத் தவற விடாதீங்க.

தூக்கமும் மனசும் இதுல சேத்திதான். குடல் சுவர்ல தனியா ஒரு நரம்பு மண்டலமே இருக்கு, மூளையோட வேகஸ் நரம்பு வழியா பேசிக்கிட்டே இருக்கும், பரீட்சை அன்னிக்கு காலைல வயித்தைக் கலக்கறது அதனாலதான். எல்லாம் சரியா சாப்பிட்டும் வயிறு அடங்கலன்னா தூக்கம் எத்தனை மணி நேரம்னு அந்த டைரில ஒரு வாரம் எழுதிப் பாருங்க.

நடுவுல கல்யாணம், ஊர்ப் பயணம், வயித்துப்போக்கு வந்தா

கல்யாண வீட்டுல ரெண்டு நாள் விருந்து சாப்பிட்டா எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க, மறுநாள் பட்டினி கிடக்கவும் வேணாம், பசிச்ச பிறகு ரசம் சாதமோ கஞ்சியோ, மோர், வேக வச்ச ஒரு காய், அடுத்த நாள் விட்ட இடத்துல இருந்து தொடருங்க. பயணத்துல மலச்சிக்கல் வர்றது பெரும்பாலும் தண்ணி கம்மியா குடிக்கறதாலயும் பாத்ரூம் சரியில்லன்னு அடக்கறதாலயும்தான், ரெண்டு வாழைப்பழமோ கொய்யாவோ பையில இருக்கட்டும்.

வயித்துப்போக்கு வந்துச்சுன்னா நாரு, சிறுதானியம், பயறு எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு ஓரமா வச்சுடுங்க. மெடிக்கல்ல ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் வாங்குங்க, பாக்கெட்ல சொன்ன அளவு தண்ணியில முழு பாக்கெட்டையும் கரைங்க, பாதி பாதியா கரைச்சா அளவு மாறிடும். பாக்கெட் கிடைக்கலன்னா கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர், சர்க்கரை தலை தட்டின 6 டீஸ்பூன், உப்பு தலை தட்டின அரை டீஸ்பூன், உப்பு அளவு கூடிடக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, கூடவே கஞ்சி, இட்லி, மோர், வாழைப்பழம், கைக்குழந்தைன்னா தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தை அழுதா கண்ணீர் வரலன்னாலோ, கண்ணு குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலன்னாலோ, துவண்டு கிடந்தாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. பெரியவங்களுக்கு ரெண்டு நாளைக்கு மேல நிக்கலன்னாலும் ரத்தம், காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். நின்ன பிறகு ஒரு வாரம் வேக வச்ச காயும் மோருமா இருந்துட்டு, மூணாவது வாரத்துல சொன்ன முதல் மாத்தத்துல இருந்து, பொரியல்ல இருந்து, திரும்ப ஏறுங்க.